நேசமணியின் தலையில் விழுந்த சுத்தியல்

2019 மே 30. டெல்லியில் நரேந்திர மோடி இரண்டாம் முறையாகப் பிரதமர் பதவியேற்கிறார். லண்டன் ஓவல் மைதானத்தில் உலகக் கோப்பை கிரிக்கெட் தொடங்குகிறது. அன்றைக்கு ட்விட்டரைத் திறந்தவர்களுக்கு முதலில் கண்ணில் பட்டது இவை இரண்டுமல்ல. நேசமணி என்கிற பெயிண்டிங் காண்ட்ராக்டர் பிழைக்க வேண்டும் என்று ஊர் உலகமே பிரார்த்தித்துக்கொண்டிருந்தது. பாகிஸ்தானியப் பொறியியல் முகநூல் பக்கம் ஒன்று சுத்தியல் படத்தைப் போட்டு, உங்கள் ஊரில் இதற்கு என்ன பெயர் என்று கேட்டிருக்கிறது. தமிழர் ஒருவர் பெயரைச் சொன்னதோடு நிற்காமல், ஜமீன் மாளிகையில் நேசமணியின் மண்டையை உடைத்தது இதுதான் என்று வருத்தமும் தெரிவித்துவிட்டார். விவரம் தெரியாதவர்கள் அக்கறையோடு விசாரிக்க, விவரம் தெரிந்தவர்கள் மருத்துவ அறிக்கை வெளியிட ஆரம்பித்தார்கள்.

நேசமணி, 2001-இல் வந்த ‘ஃபிரண்ட்ஸ்’ படத்தில் வடிவேலு. சுத்தியலைத் தவறவிட்டவர் ரமேஷ் கண்ணா. படத்தின் கதாநாயகர்கள் விஜய்யும் சூர்யாவும். ஒருவர் பின்னால் கட்சியே தொடங்கினார். ஆனால் பதினெட்டு வருடம் கழித்து உலகம் நலம் விசாரித்தது காண்ட்ராக்டரைத்தான்.

கேலி, கிண்டல், நக்கல், நையாண்டி, பகடி, எகத்தாளம், லொள்ளு, கலாய்ப்பு. இவ்வளவு சொற்களை வைத்திருக்கும் மொழியில் கேலிக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. நடிகர், தலைவர், ஆட்டக்காரர் என்று நாம் கும்பிடும் மூன்று சாமிகளையும் தினமும் கலாய்க்கிறோம். அப்புறமும் கட்-அவுட்டின் உயரம் ஏன் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை? எனக்குள்ள சந்தேகம் இது ஒன்றுதான்.

கும்பிடுவதும் கேலி செய்வதும் நமக்கு எப்போதுமே பக்கத்து வீடுகள். அதியமானின் தூதராகப் போய்த் தொண்டைமானின் ஆயுதசாலையைப் பார்த்த ஔவையார், உன் வேல்களெல்லாம் நெய் பூசி மயிற்பீலி சூட்டி எவ்வளவு அழகாக இருக்கின்றன, எங்கள் அதியமானின் வேல்கள் நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றனவே என்கிறார். புறநானூற்றின் 95-ஆம் பாட்டு அது. போரே பார்க்காத படை என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டுத் தூதுவர் மரியாதையோடு திரும்பியிருக்கிறார். காளமேகம் சிவனையும் திருமாலையும் விட்டுவைக்கவில்லை. ஏசுவது போல் புகழ்ந்தார், புகழ்வது போல் ஏசினார், கோயில் வாசலிலேயே நின்று செய்தார். சாமிக்குக் கோபம் வந்ததாகத் தகவல் இல்லை. சாமிக்கு ரசிகர் மன்றம் இல்லாதது ஒரு காரணமாக இருக்கலாம்.

நவீன காலத்தில் இதை மேடைக்குக் கொண்டுவந்தவர்களில் இருவர் முக்கியம். என்.எஸ். கிருஷ்ணன் நந்தனார் கதாகாலட்சேபத்தை அப்படியே எடுத்துக்கொண்டு ‘கிந்தனார்’ ஆக்கினார். 1949-இல் ‘நல்லதம்பி’ படத்தில் வருகிறது. நந்தன் சிதம்பரத்துக்கு ஏங்குகிறான், கிந்தன் படிப்புக்கு. சிரிப்பில் முள் இருக்கும், ஆனால் குத்தாது. எம்.ஆர். ராதாவின் வழி வேறு. அவர் குத்துவதற்காகவே மேடையேறினார். அவருடைய ராமாயண நாடகத்தைச் சமாளிக்க 1954-இல் சென்னை மாகாணத்தில் நாடகக் கட்டுப்பாட்டுச் சட்டமே வந்தது. ராதா போய், மாகாணம் போய், மாநிலத்தின் பெயரும் மாறிய பிறகும் அந்தச் சட்டம் மட்டும் போகவில்லை. ‘பரீக்ஷா’ நாடகக் குழுவின் ஞாநி வழக்குப் போட்டு, 2013-இல்தான் உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. ஒரு நடிகரின் நாக்குக்குப் போட்ட பூட்டு ஐம்பத்தொன்பது வருடம் தொங்கியிருக்கிறது. (அந்த நாக்குக்காரர் 1967 ஜனவரியில் துப்பாக்கியைத் தூக்கி எம்.ஜி.ஆரைச் சுட்டது தனிக் கதை. அதில் நகைச்சுவை எதுவும் இல்லை.)

சோ ராமசாமியிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். அவரை எனக்கு முழுதாகப் பிடிக்கும் என்று சொல்ல முடியாது. அவருடைய பெண்களைப் பற்றிய கிண்டல்கள் பல இன்று படிக்கச் சகிக்காது. ஆனால் 1968-இல் மேடையேறி 1971-இல் படமான ‘முகமது பின் துக்ளக்’ போல ஒன்று பிறகு தமிழில் வரவில்லை. புதைகுழியிலிருந்து எழுந்து வந்ததாகச் சொல்லிக்கொள்ளும் போலி துக்ளக் தேர்தலில் நின்று பிரதமராகிறார். கட்சி தாவி வரும் எல்லா உறுப்பினர்களையும் துணைப் பிரதமர் ஆக்குகிறார். இந்தி வேண்டுமா, ஆங்கிலம் வேண்டுமா என்று நாடு அடித்துக்கொண்டிருக்க, பாரசீகம்தான் ஆட்சிமொழி என்று சண்டையைத் தீர்த்துவைக்கிறார். இதெல்லாம் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். எனக்குத் தைத்தது முடிவு. நாட்டைத் திருத்தச் சேர்ந்து போட்ட வேஷம் எல்லை மீறிவிட்டது என்று கூட்டாளி மக்களிடம் உண்மையைச் சொல்ல வருகிறான். துக்ளக் நாலு வார்த்தை பேசிக் கூட்டத்தைத் திருப்பிவிடுகிறார். கூட்டம் உண்மை சொன்னவனைக் கொன்றுவிடுகிறது. தலைவரைக் கேலி செய்யும் நாடகம், கடைசிக் காட்சியில் நாற்காலியில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்புகிறது. பார்வையாளர்கள் கைதட்டிவிட்டுப் போனார்கள். தங்களைத்தான் சொல்கிறார் என்று எத்தனை பேருக்கு உறைத்ததோ.

1970 பொங்கலுக்குச் சோவின் ‘துக்ளக்’ பத்திரிகை வந்தது. முதல் இதழின் அட்டையில் இரண்டு கழுதைகள் பேசிக்கொண்டிருந்தன. கழுதையில் தொடங்கியவர் 1996-இல் தி.மு.க.வுக்கும் தமிழ் மாநில காங்கிரஸுக்கும் கூட்டணி பேசிமுடிப்பவராக இருந்தார், 1999-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனார். அரசவை விதூஷகன் அரசருக்கே யோசனை சொல்லப் போய்விட்டால் வெளியே நின்று சிரிக்க ஆள் குறைந்துவிடுகிறது.

இந்தத் தாவல் அரசியலில் மட்டும் நடப்பதில்லை. விஜய் டிவியின் ‘லொள்ளு சபா’வில் கதாநாயகர்களின் அறிமுகக் காட்சிகளை வாரம் தவறாமல் கிழித்துத் தோரணம் கட்டிய சந்தானம், சில வருடங்களில் தானே ஸ்லோ மோஷனில் நடந்துவரும் கதாநாயகன் ஆனார். அதே தொலைக்காட்சியில் மற்றவர்களின் குரலில் பேசிச் சிரிக்கவைத்த சிவகார்த்திகேயனின் குரலில் இன்று வேறு பையன்கள் பேசிக் காட்டுகிறார்கள். குறை சொல்லவில்லை, பிழைப்பு. கலாய்ப்பவனுக்குக் கிடைக்கும் பரிசு கலாய்க்கப்படும் இடத்துக்குப் பதவி உயர்வு என்றால், அந்த இடத்தை யார் தகர்ப்பார்கள்?

‘தமிழ்ப் படம்’ 2010 ஜனவரியில் வந்தபோது திரையரங்கில் சிரித்தது நினைவிருக்கிறது. பாரதிராஜாவின் ‘கருத்தம்மா’வில் பெண் குழந்தைக்குக் கள்ளிப்பால். இந்தப் படத்தின் சினிமாப்பட்டியில் ஆண் குழந்தைக்கு. வளர்ந்தால் சென்னைக்குப் போய் ஹீரோ ஆகிவிடுவான் என்ற பயம். பெயருக்கு முன்னால் ‘அகில உலக சூப்பர் ஸ்டார்’ போட்டுக்கொண்ட சிவா, ரஜினியிலிருந்து கீழே யாரையும் விடவில்லை. யாரும் போஸ்டரைக் கிழிக்கவில்லை. படத்தை வெளியிட்டவர் அன்றைய முதல்வர் கருணாநிதியின் பேரன் தயாநிதி அழகிரி என்பதைச் சிரித்து முடித்த பிறகு யோசிக்கலாம். அதற்காகப் படத்தின் துணிச்சல் பொய்யாகிவிடாது. ஆனால் குடை பெரிதாக இருந்தால் மழையில் ஆடுவது சுலபம்.

குடை இல்லாதவர்கள் நனைந்திருக்கிறார்கள். 1987-இல் ‘ஆனந்த விகடன்’ அட்டையில் ஒரு ஜோக். மேடையில் இருப்பவர்களில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்பதற்கு, ஜேப்படிக்காரன் போல இருப்பவர் ஒருவர், முகமூடிக் கொள்ளைக்காரன் போல இருப்பவர் இன்னொருவர் என்ற ரகத்தில் பதில். மளிகைக் கடையில் நின்றபடி படித்துவிட்டு மறந்துவிடக்கூடிய ஜோக். சட்டமன்றம் மறக்கவில்லை. ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் மன்னிப்புக் கேட்க மறுக்க, சபாநாயகர் பி.எச். பாண்டியன் மூன்று மாதக் கடுங்காவலுக்கு உத்தரவிட்டார். அப்போது முதல்வராக எம்.ஜி.ஆர். இருந்தார். எதிர்ப்பு எழுந்ததில் சில நாட்களுக்குள்ளேயே விடுதலை. பிறகு நீதிமன்றம் போய் அவர் வாங்கிய நஷ்ட ஈடு ஆயிரம் ரூபாய்.

அதே விகடன் குழுமம் 2025 பிப்ரவரியில் இன்னொரு முறை மாட்டியது. அமெரிக்கா இந்தியர்களை விலங்கிட்டு விமானத்தில் திருப்பியனுப்பிய சமயம். டிரம்புக்குப் பக்கத்தில் கை கால்களில் விலங்கோடு மோடி அமர்ந்திருக்கும் கேலிச்சித்திரம் விகடன் பிளஸ் மின்னிதழில் வந்தது. கொஞ்ச நாளில் இணையதளமே திறக்கவில்லை. மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அந்தப் பக்கத்தை இப்போதைக்கு நீக்கினால் தளத்தைத் திறந்துவிடலாம் என்றது. 1987-இல் ஜோக்குக்காக ஓர் ஆசிரியரைச் சிறைக்கு அழைத்துப் போக வேண்டியிருந்தது, அந்தக் காட்சியை ஊர் பார்த்தது, கோபப்பட்டது. 2025-இல் ஒரு பக்கம் திறக்கவில்லை, அவ்வளவுதான். நம் வீட்டு வைஃபைதான் சரியில்லை என்று எத்தனை பேர் ரௌட்டரை அணைத்துப் போட்டிருப்பார்கள். இடையில், 2017-இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத் தீக்குளிப்பை ஒட்டி முதல்வரையும் அதிகாரிகளையும் வரைந்த கார்ட்டூனிஸ்ட் ஜி. பாலா கைதானார். அப்போது ஆண்டது ஒரு கட்சி, 1987-இல் ஆண்டதும் அதே கட்சி, 2025-இல் டெல்லியில் வேறு. யார் நாற்காலியில் இருந்தாலும் தோல் ஒரே தடிமன்தான்.

கிரிக்கெட்டுக்கு வருவோம். இங்கே சூழ்நிலை வேடிக்கையானது, ஏனென்றால் இந்த விளையாட்டின் மிகப் புனிதமான சின்னமே ஒரு ஜோக். 1882 ஆகஸ்டில், அதே ஓவல் மைதானத்தில், 85 ரன் அடித்தால் வெற்றி என்ற நிலையில் இங்கிலாந்து 77-க்குச் சுருண்டது. ‘ஸ்போர்ட்டிங் டைம்ஸ்’ என்ற பத்திரிகை ஆங்கிலேயக் கிரிக்கெட்டுக்கு மரண அறிவிப்பு வெளியிட்டது: உடல் எரியூட்டப்படும், சாம்பல் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுசெல்லப்படும். அந்தச் சாம்பல்தான் ‘ஆஷஸ்’. அரைச் சாண் உயரமுள்ள ஒரு மண் கலசம் இன்று லார்ட்ஸ் அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குள் இருக்கிறது. ஆஸ்திரேலியா ஜெயித்தாலும் அது இடம் பெயராது. கருமாதிப் பத்திரிகை போல அடித்த கிண்டல், போகப் போகக் கர்ப்பக்கிரகம் ஆகிவிட்டது.

நம் சரித்திரத்திலும் இப்படி உண்டு. 1975 ஜூன் 7, லார்ட்ஸ், முதல் உலகக் கோப்பையின் முதல் நாள். இங்கிலாந்து 60 ஓவரில் 334. சுனில் கவாஸ்கர் கடைசிவரை நின்று, 174 பந்தில் ஆட்டமிழக்காமல் 36. இந்தியா 3 விக்கெட்டுக்கு 132, தோல்வி 202 ரன்னில். டொக்கு வைப்பது என்று தெருவில் ஒரு பிரயோகம் உண்டு. அதற்கு ஒரு கோயில் கட்டினால் மூலவர் அந்த இன்னிங்ஸ்தான். எங்கள் தெருவில் எவனாவது ஆறு பந்தை வீணாக்கினால் “போடா கவாஸ்கர்” என்று கத்துவோம். கவாஸ்கர் உலகத்தின் மிகச் சிறந்த தொடக்க ஆட்டக்காரர்களில் ஒருவர் என்பதும் எங்களுக்குத் தெரியும். இரண்டும் ஒரே வாயில் இருந்தன, ஒன்றுக்கொன்று இடிக்கவில்லை.

1983-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய இரண்டு உலகக் கோப்பைகளிலும் சேர்த்து இந்தியா ஜெயித்தது ஒரே ஒரு ஆட்டம், அதுவும் கிழக்கு ஆப்பிரிக்காவை. புது மாப்பிள்ளை கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த், அமெரிக்காவுக்குத் தேனிலவு போகும் வழியில் லண்டனில் இறங்கியதாகத்தான் அந்தத் தொடரை நினைத்ததாக மேடைகளில் சொல்லிச் சிரிக்கவைப்பார். இறுதி ஆட்டத்தில் இரு அணிகளிலும் அதிக ரன் அந்த மாப்பிள்ளை எடுத்த 38. இந்தியா மாதிரி அணிகள் விலகிக்கொள்ளலாம் என்ற தோரணையில் எழுதிய கிரிக்கெட் பத்திரிகை ஆசிரியர் டேவிட் ஃப்ரித், கோப்பை கபில்தேவ் கைக்குப் போனதும் ஒரு வாசகர் கேட்டதற்கு இணங்கித் தான் எழுதியதைத் தானே தின்றார். உவமையாகச் சொல்லவில்லை. காகிதத்தை வாயில் போட்டு, கூடவே ஒயினும் குடித்து, அந்தப் படத்தைத் தன் பத்திரிகையிலேயே போட்டார். நம்மூர் அரசியல் விமர்சகர்கள் தேர்தல் கணிப்புகளுக்கு இந்த முறையைக் கைக்கொண்டால் காகிதத் தொழில் செழிக்கும்.

விளையாட்டில் கேலிக்கு ஒரு கணக்கு இருக்கிறது, அதனால் அது ஓரளவு நேர்மையாக இருக்கிறது. 2018-இல் இரண்டு வருடத் தடை முடிந்து திரும்பிய சென்னை சூப்பர் கிங்ஸை ‘டாடிஸ் ஆர்மி’ என்று சிரித்தார்கள். இறுதி ஆட்டத்தில் ஷேன் வாட்சன் முதல் பத்து பந்தில் ஒரு ரன்கூட எடுக்கவில்லை, முடிக்கும்போது ஆட்டமிழக்காமல் 117. சிரிப்பு நின்றது. பெங்களூரு அணியின் “ஈ சாலா கப் நம்தே”வை (இந்த முறை கோப்பை நமதே) வைத்து நாம் பல வருடம் பிழைத்தோம். 2025 ஜூன் 3 அன்று அவர்கள் கோப்பையை வாங்க, அந்த வருடம் சென்னை முதன்முறையாகக் கடைசி இடத்தில் இருந்தது. பட வசூலைத் திருத்திச் சொல்லலாம், தேர்தல் தோல்வியைக் கூட்டணி தலையில் கட்டலாம். புள்ளிப் பட்டியலில் பத்தாவது இடம் பத்தாவது இடம்தான். அந்த வருடம் நான் கேட்ட நல்ல ஜோக்குகள் எல்லாம் மஞ்சள் சட்டைக்காரர்கள் தங்கள் அணியைப் பற்றியே அடித்தவை. டீக்கடையில் ஒருவர், எதிர் அணி பேட்டிங் செய்யும்போது டிவியைப் போட்டுவிட்டு நம்மவர்கள் இறங்கியதும் அணைத்துவிடச் சொன்னார். டாக்டர் சொன்னாராம்.

அந்த மஞ்சள் சட்டைக்காரர்கள் தோனியை ‘தல’ என்பார்கள். அந்தப் பட்டம் அஜித்திடமிருந்து வந்தது. 2021 டிசம்பரில் அஜித் அது வேண்டாம், பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள் என்று அறிக்கை விட்டார். 2024 நவம்பரில் கமல் ‘உலகநாயக’னைத் துறந்தார். அடுத்த மாதமே அஜித் மறுபடி வர வேண்டியிருந்தது. பட்டம் போன பிறகு ரசிகர்கள் “கடவுளே அஜித்தே” என்று பொது இடங்களில் கூவ ஆரம்பித்துவிட்டார்கள், அதையும் நிறுத்தச் சொன்னார். 2025 மார்ச்சில் நயன்தாரா ‘லேடி சூப்பர் ஸ்டார்’ வேண்டாம் என்றார். சாமிகளே பீடத்திலிருந்து இறங்கப் பார்க்கின்றன, பக்தர்கள் விடுவதாக இல்லை. “கடவுளே அஜித்தே” கோஷம் பக்தியா கிண்டலா என்று கூவியவர்களுக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். சம்பந்தமில்லாத நிகழ்ச்சியில், சம்பந்தமில்லாத ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது கடவுளைக் கூப்பிடுவதில் பாதி பஜனை, பாதி பகடி.

என் சந்தேகத்துக்கு எனக்குக் கிடைத்த பதில் இந்த இடத்தில்தான் இருக்கிறது. இன்றைய கேலியில் பெரும்பங்கு, ஒரு கூட்டம் இன்னொரு கூட்டத்தை அடிக்க எடுக்கும் கல். விஜய் ரசிகனுக்கு அணில் என்று பெயர், அஜித் ரசிகனுக்கு ஆமை, தி.மு.க.காரனுக்கு 200 ரூபாய், பா.ஜ.க.காரனுக்கு சங்கி. எதிரணி நடிகரைக் கிழித்துத் தொங்கப்போடும் பையன், தன் நடிகரைப் பற்றி ஒரு வரி வந்தால் அம்மா அக்காவை இழுத்துத் திட்டுவான். கட்-அவுட்டின் உயரம் குறையாததற்குக் காரணம், கல் எப்போதும் எதிர்த் தெருக் கட்-அவுட்டின் மேல்தான் விழுகிறது. தன் தெருவுக்கு அது பாலாபிஷேகம் மாதிரி.

தான் நிற்கும் கூட்டத்தைக் கேலி செய்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். சோவின் அந்தக் கடைசிக் காட்சி ஒன்று. சிம்புதேவன் 2006-இல் எடுத்த ‘இம்சை அரசன் 23-ம் புலிகேசி’ இன்னொன்று. அதில் அரசன் சாதிச் சண்டைக்கென்றே ஒரு மைதானம் திறந்துவைக்கிறான். சண்டை போட வருபவர்களும் வேடிக்கை பார்க்க வருபவர்களும் குடிமக்கள்தாம், அரசன் இடம் மட்டுமே கொடுக்கிறான். விளம்பரத்துக்கு ஒரு குளிர்பானமும் உண்டு. விளையாட்டு, அரசியல், வியாபாரம் மூன்றையும் இவ்வளவு கச்சிதமாக ஒரே மைதானத்தில் இறக்கியதை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

கூட்டத்தைப் பற்றிச் சிரிக்க முடியாமல் போன வருடமும் 2025தான். கோப்பை வந்த மறுநாள், ஜூன் 4, பெங்களூரு சின்னசாமி மைதானத்தின் வெளியே நெரிசலில் 11 பேர் இறந்தார்கள். செப்டம்பர் 27 அன்று கரூரில் விஜய் பேச வந்த கூட்டத்தில் 41 பேர். இரண்டு முறையும் மீம் போடும் பக்கங்கள் ஓரிரு நாள் அமைதியாக இருந்தன. பிறகு யார் குற்றம் என்பதில் அணி பிரிந்து பழையபடி தொடங்கின.

இத்தனை அணிகளும் சண்டை போட எடுத்துக்கொள்ளும் முகம் மட்டும் ஒன்றே. எந்தக் கட்சியின் மீமைத் திறந்தாலும் வடிவேலு இருக்கிறார். அவர் யாரையும் அடிக்கவில்லை, அடி வாங்கினார். வீறாப்பாகக் கிளம்பி, வாங்கிக் கட்டிக்கொண்டு, ஒன்றும் நடக்காதது போல் சட்டையை உதறிக்கொண்டு வந்தார். அவரிடம் நாம் பார்த்துச் சிரித்தது நம்மைத்தான், தைரியமாக ஒப்புக்கொள்ளாமல். அவர் ஒரே ஒரு முறை அடிக்கப் போனார். 2011 தேர்தலில் தி.மு.க. மேடைகளில் விஜயகாந்தைக் கலாய்த்தார், கூட்டம் அலைமோதியது, கட்சி தோற்றது, விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். வடிவேலுவுக்குச் சில வருடம் படம் அபூர்வமாகிவிட்டது.

2023-இல் மாரி செல்வராஜின் ‘மாமன்னன்’ படத்தில் அவர் சட்டமன்ற உறுப்பினர். சொந்தக் கட்சிப் பிரமுகர் ரத்னவேலுவின் முன்னால் உட்கார நாற்காலி கிடையாது, சாதி. படம் முடியும்போது அவர் சபாநாயகர். நேசமணிக்காகப் பிரார்த்தித்தவர்கள் கொண்டாட வேண்டிய படம், திரையரங்கில் கொண்டாடவும் செய்தார்கள். படம் ஓடிடிக்கு வந்ததும் இளைஞர்கள் உட்கார்ந்து துண்டு துண்டாக வெட்டிப் புது வீடியோக்கள் செய்தார்கள். பின்னணியில் அவரவர் சாதிப் பாட்டு. அவற்றில் கதாநாயகன், நாற்காலி தர மறுத்த ரத்னவேலு.